மகளின் இசைக் கல்லூரி ஆடிஷன்: பதினாறு மாதத்தை எங்கிருந்து எண்ணுவது?

வாசகியின் கடிதம்: நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். மகள் 11-ஆம் வகுப்பு படிக்கிறாள். ஆறு வயதிலிருந்து மேற்கத்திய வயலின் கற்கிறாள், யூத் ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்கிறாள். எட்டு வருடம் கர்நாடக வாய்ப்பாட்டும் கற்றாள். கல்லூரியில் இசைதான் படிப்பேன் என்கிறாள். இப்போது கையில் இருப்பது மாக்ஸ் புரூக்கின் ஜி மைனர் கான்செர்ட்டோ (ஆர்க்கெஸ்ட்ராவோடு தனி வயலின் வாசிக்கும் பெரிய உருப்படி). நான் 14 பள்ளிகளின் பெயரையும் கடைசித் தேதிகளையும் ஒரு எக்செல் தாளில் போட்டு வைத்திருக்கிறேன். அதைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கட்டும், வயலின் ஒரு பக்கம் இருக்கட்டும் என்கிறார் என் கணவர். டிசம்பரில் விண்ணப்பம் என்றால் எதை எப்போது தொடங்க வேண்டும்? கர்நாடக சங்கீதம் கற்றதை விண்ணப்பத்தில் எழுதலாமா?

அன்புச் சகோதரிக்கு,

தலை சுற்றத்தான் செய்யும். அந்தத் தாளில் இருப்பவை எல்லாம் பள்ளிகளின் தேதிகள். உங்கள் மகளின் கை எப்போது தயாராகும் என்ற தேதி அதில் இல்லை. அதை முதலில் எழுதிவிட்டால் மற்றவை அதன் பின்னால் வரிசையாக வந்து நிற்கும்.

அமெரிக்காவில் பெரும்பாலான கன்சர்வேட்டரிகளுக்கு, அதாவது இசைக்கென்றே இருக்கும் கல்லூரிகளுக்கு, விண்ணப்பிக்கக் கடைசி நாள் டிசம்பர் 1. சில பல்கலைக்கழக இசைப் பள்ளிகள் நவம்பர் 1-இலேயே கேட்டுவிடும். வயலினுக்குப் பல இடங்களில் விண்ணப்பத்தோடு ஒரு முன்தேர்வு வீடியோவும் போக வேண்டும். பிரீஸ்கிரீனிங் என்பது இதுதான். அதைப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ, நேரில் வாசிக்க அழைப்பார்கள். நேரடி ஆடிஷன் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை நடக்கும். ஏப்ரல் 1 வாக்கில் முடிவு வரும். எங்கே சேர்கிறோம் என்று மே 1-க்குள் பதில் சொல்ல வேண்டும். ஆக, உங்களுக்கு இருப்பது இந்த ஜனவரியிலிருந்து அடுத்த வருடம் மே 1 வரை பதினாறு மாதம்.

இந்தப் பதினாறு மாதத்தில் நீங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டிய நாள், வீடியோ எடுக்கும் நாள். அதை அக்டோபர் முதல் சனிக்கிழமை என்று இன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வருவோம். அக்டோபரில் பதிவு என்றால் செப்டம்பரில் மூன்று முறையாவது நாலு பேர் முன்னால் முழுவதையும் வாசித்திருக்க வேண்டும். அப்படியானால் ஆகஸ்ட் முடிவில் எல்லாம் மனப்பாடமாகி இருக்க வேண்டும். கோடை முழுக்கச் சாதகத்துக்கு. மே மாதம் பள்ளித் தேர்வுகளில் போய்விடும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், எந்த உருப்படிகளை வாசிப்பது என்பது பிப்ரவரிக்குள் முடிவாக வேண்டும். எல்லா வீடுகளிலும் தள்ளிப்போவது இந்த ஒரு முடிவுதான்.

நானே இதில் தவறியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி, கோடை முகாமில் மற்றவர்கள் சிபெலியஸின் கான்செர்ட்டோவை வாசிப்பதைக் கேட்டுவிட்டு வந்து, ஆகஸ்டில் கான்செர்ட்டோவை மாற்ற வேண்டும் என்றாள். அவள் ஆசையைப் பார்த்துச் சரி என்றேன். அக்டோபரில் எடுத்த பதிவில் ஸ்வரங்கள் எல்லாம் இருந்தன, ஆனால் ஒரு வரிக்குக்கூட மூச்சு இல்லை. அடுத்த பகுதி எப்படிப் போகுமோ என்ற பயம் வில்லில் தெரிந்தது. அவளை முன்தேர்வில் கழித்துவிட்ட பள்ளிகளில் இரண்டு, பழைய மெண்டல்சோன் கான்செர்ட்டோவையே வாசித்திருந்தால் நிச்சயம் நேரில் அழைத்திருக்கும். அந்தத் தவறு என்னுடையது. அதற்குப் பிறகு பிப்ரவரி தாண்டி எவரையும் கான்செர்ட்டோ மாற்ற விட்டதில்லை.

இளங்கலை வயலின் ஆடிஷனுக்குப் பள்ளிகள் கேட்பது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு பெரிய கான்செர்ட்டோவிலிருந்து ஒரு மூவ்மென்ட் (அதன் ஒரு பகுதி), பாக் தனி வயலினுக்கு எழுதிய ஆறு சொனாட்டா பார்ட்டிட்டாக்களிலிருந்து ஒன்றோ இரண்டோ மூவ்மென்ட், பகானினியின் 24 கப்ரிசுகளில் (கைத்திறன் காட்டும் தனி வயலின் உருப்படிகள்) ஒன்று. பகானினிக்குப் பதிலாக ரோட் அல்லது டோன்ட் எழுதிய பயிற்சி உருப்படியை ஏற்கும் பள்ளிகளும் உண்டு. சில இடங்களில் மூன்று ஸ்தாயி ஸ்கேலும் (ஆரோகண அவரோகணம்) கேட்பார்கள். ஆகவே 14 பள்ளிக்கு 14 தயாரிப்பு தேவையில்லை. எல்லாப் பள்ளியின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மிகக் கடினமாகக் கேட்கும் பள்ளிக்கு ஒத்துப்போகிற மாதிரி ஒரே ஒரு தொகுப்பைக் கட்டினால் போதும்.

உங்கள் மகளின் புரூக் பற்றி ஒரு விஷயம். அதன் முதல் மூவ்மென்ட் ஒரு முன்னுரை மாதிரி எழுதப்பட்டது. நிற்காமல் இரண்டாவதுக்குள் போய்விடும். தனியாக எடுத்து வாசித்தால் அந்தரத்தில் நிற்கும். எனவே 'முதல் மூவ்மென்ட்' என்று கேட்கும் பள்ளிகள் புரூக்குக்கு என்ன விதி வைத்திருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் படியுங்கள். கடைசி மூவ்மென்டை ஏற்கிறார்கள் என்றால் அதை வாசிக்கலாம், இரட்டைத் தந்திகளில் கைத்திறன் நன்றாகத் தெரியும். ஏற்காவிட்டால் மெண்டல்சோன், வீனியாவ்ஸ்கியின் இரண்டாவது, சென்-சான்ஸின் மூன்றாவது, லாலோவின் சிம்பனி எஸ்பன்யோல் ஆகியவற்றை ஆசிரியரோடு பேசிப் பாருங்கள். சுத்தமான மெண்டல்சோன், தடுமாறும் சைகோவ்ஸ்கியை எங்கேயும் வெல்லும். இருபது வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளைத் தயார் செய்துவரும் அனுபவத்தில் சொல்கிறேன்.

பாக் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருப்பேன். ஜி மைனர் சொனாட்டாவின் அடாஜியோவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஒலியே நான்கு தந்திகளையும் தொட்டெழும் கூட்டு ஸ்வரம். வில் அடித்தந்தியில் எப்படி இறங்குகிறது, மேலே போய் எப்படி அமைகிறது, விரல்களின் சுருதி எவ்வளவு சுத்தம், இவ்வளவும் அந்த மூன்று விநாடியில் தெரிந்துவிடும். எதிரே இருப்பவர்கள் வாழ்நாள் முழுக்க இதைக் கேட்டவர்கள். தினமும் காலையில் வேறு எதையும் தொடும் முன் அந்த ஒரு ஒலியைப் பத்து முறை வாசிக்கச் சொல்லுங்கள். கான்செர்ட்டோவுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியாவது பாக்குக்குப் போக வேண்டும்.

அப்புறம், பள்ளிப் பட்டியல். பெயரைப் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கன்சர்வேட்டரியில் நான்கு வருடமும் வாரம் ஒரு மணி நேரம் ஒரே ஒரு குருவின் எதிரில் நிற்கப் போகிறாள். அவருக்கு அந்த வருடம் எத்தனை இடம் காலி என்பதையும் பொறுத்துத்தான் சேர்க்கை. அதனால் மார்ச் மாதத்திலிருந்து ஒவ்வொரு பள்ளியிலும் எந்த ஆசிரியரிடம் கற்க விரும்புகிறாள் என்று பார்த்து, ஒரு முறை பாடம் கேட்க முடியுமா என்று மெயில் எழுத வேண்டும். டிரையல் லெசன் என்று கேட்டாலே புரியும். சிலர் கட்டணம் வாங்குவார்கள், சிலர் வாங்க மாட்டார்கள். முதலிலேயே கேட்டுக்கொள்வது மரியாதை. மெயிலில் ஐந்தாறு வரி போதும்: யார், எந்த வகுப்பு, இப்போது யாரிடம் கற்கிறாள், என்ன வாசிக்கிறாள், ஒரு வீடியோ இணைப்பு. இந்த மெயிலை உங்கள் மகளே எழுதட்டும். அம்மாவின் முகவரியிலிருந்து வரும் கடிதத்தைப் படித்தால், இந்தப் பிள்ளைக்குத்தான் ஆசையா அல்லது வீட்டுக்கா என்று ஆசிரியருக்குச் சந்தேகம் வரும்.

டிரையல் லெசனில் எவ்வளவு நன்றாக வாசித்தாள் என்பது இரண்டாம் பட்சம். "இதை இப்படி வாசித்துப் பார்" என்று அவர் சொன்னதும் அங்கேயே முயன்று பார்க்கிறாளா என்றுதான் ஆசிரியர் கவனிப்பார். உங்கள் மகள் பார்க்க வேண்டியதும் ஒன்று உண்டு: வெளியே வரும்போது வயலினை எடுத்து உடனே வாசிக்க வேண்டும் போல் இருக்கிறதா, மூடி வைக்க வேண்டும் போல் இருக்கிறதா. அன்று இரவே ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஏப்ரலில் அந்த நோட்டுதான் உதவும்.

கோடை முகாமுக்குப் போனால் பல ஆசிரியர்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். வயலின் ஆசிரியர் இவான் கலாமியன் 1944-இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய மெடோமவுண்ட் போன்ற இடங்களில் நாள் முழுக்கச் சாதகம்தான். உங்கள் மகளின் நிலையில் அது பெரிய உதவி. இவற்றின் விண்ணப்பங்கள் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும் என்பதால் இந்த வாரமே பாருங்கள். செலவு கட்டுப்படியாகாது என்றால் கவலை வேண்டாம். வீட்டில் தினம் நான்கு மணி நேரம், வாரம் இரண்டு பாடம் என்று கோடையை நடத்திய பிள்ளைகளும் நல்ல இடம் போயிருக்கிறார்கள்.

14 பள்ளி அதிகம். ஏழு போதும். விண்ணப்பக் கட்டணமே பல பள்ளிகளில் 100 டாலரை ஒட்டி வரும், ஆடிஷன் பயணச் செலவு தனி. அதைவிட, பிப்ரவரியில் ஐந்து வாரத்துக்குள் பத்து ஊர் போய்வந்த பிள்ளையின் கை எட்டாவது ஊரில் சோர்ந்துவிடும். எட்டாக்கனி போலத் தெரியும் இரண்டு, பொருத்தமான மூன்று, நிச்சயம் கிடைக்கும் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிலடெல்பியாவின் கர்ட்டிஸில் 1928 முதல் யாருக்குமே படிப்புக் கட்டணம் கிடையாது. லாஸ் ஏஞ்சலஸின் கோல்பர்னில் கன்சர்வேட்டரி மாணவர்களுக்குத் தங்குமிடமும் சாப்பாடும்கூட இலவசம். ஆனால் இரண்டிலும் இடங்கள் மிகச் சில, வயலினுக்குச் சில வருடம் விரல் விட்டு எண்ணலாம். விண்ணப்பிக்கட்டும், ஆனால் முழுக் கனவையும் அதில் கட்ட வேண்டாம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கலைப் பள்ளியான மேசன் கிராஸ் இருக்கிறது. மாநிலத்தவர்க்கான கட்டணம் பொருந்தும். அது உங்கள் தாளில் இல்லாவிட்டால் இன்றே சேருங்கள்.

நீங்கள் எடிசனில் இருப்பதில் இன்னொரு வசதி. ஜூலியார்டும் மன்ஹாட்டன் ஸ்கூல் ஆஃப் மியூசிக்கும் நியூயார்க்கில், கர்ட்டிஸ் பிலடெல்பியாவில், பீபாடி பால்டிமோரில், நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரி பாஸ்டனில். எல்லாம் உங்கள் மெட்ரோபார்க் நிலையத்தில் நின்று போகும் ஒரே ரயில் தடத்தில் இருக்கின்றன. பிப்ரவரிப் பனியில் விமானம் ரத்தானால் பிள்ளை விமான நிலையத் தரையில் படுத்துத் தூங்கிவிட்டு ஆடிஷனுக்குப் போக வேண்டிவரும். என் மாணவன் ஒருவனுக்கு அப்படி நடந்தது. பள்ளிக்கு உடனே போன் செய்ததால் மறுநாள் வேறு நேரம் கொடுத்தார்கள். எனவே பட்டியலில் விமானம் ஏற வேண்டிய ஊர் இரண்டுக்கு மேல் வேண்டாம். ஏறும்போது வயலினைக் கையில்தான் கொண்டு போக வேண்டும். உள்ளே இடம் இருக்கும்வரை அதை அனுமதிக்க வேண்டும் என்று அமெரிக்க விமான நிறுவனங்களுக்கு 2015 முதல் விதி இருக்கிறது. இடம் நிரம்புவதற்குள் உள்ளே போய்விடுங்கள்.

உங்கள் கணவரின் கவலைக்கு வருகிறேன். அது நியாயமான கவலை. அதை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல் தகவலாக எடுத்துக்கொண்டு பட்டியலைக் கட்டலாம். பி.எம். (பேச்சலர் ஆஃப் மியூசிக்) என்ற பட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இசைப் பாடங்கள். இசையில் பி.ஏ. என்றால் மூன்றில் ஒரு பங்குதான், மீதியில் வேறு எதையும் படிக்கலாம். இரண்டையும் சேர்த்து ஐந்து வருடத்தில் இரண்டு பட்டம் வாங்கும் வழியும் உண்டு. ஓஹையோவின் ஓபர்லின் கல்லூரியில் இது பல காலமாக நடக்கிறது. பார்ட் கன்சர்வேட்டரியில் இளங்கலை மாணவர்கள் எல்லோருமே இரட்டைப் பட்டம்தான் படிக்கிறார்கள். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலும் பொறியியலோடு இசையைச் சேர்த்துப் படிக்க ஐந்தாண்டுத் திட்டம் இருக்கிறது. ஓபர்லின் மாதிரி இடங்களில் கல்லூரியும் கன்சர்வேட்டரியும் தனித்தனியே தேர்வு செய்யும், அதனால் மதிப்பெண்ணும் வேண்டும், வாசிப்பும் வேண்டும். ஏழில் இரண்டு இப்படிப்பட்ட பள்ளியாக இருந்தால் முடிவை அடுத்த ஏப்ரல் வரை வீட்டில் சண்டையில்லாமல் தள்ளிவைக்கலாம். கணவரையும் ஒரு டிரையல் லெசனுக்குக் காரோட்ட அழைத்துப் போங்கள். கதவுக்கு வெளியே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த எத்தனையோ அப்பாக்கள் அப்புறம் என்னிடம் வேறு மாதிரிப் பேசியிருக்கிறார்கள்.

இப்போது அந்த அக்டோபர் சனிக்கிழமை. வீட்டு ஹாலில் எடுக்க வேண்டாம், கொஞ்சம் உயரமான கூரையுள்ள இடம் தேவை. பல சர்ச்சுகளில் சிறிய வாடகைக்குத் தருவார்கள். மூன்று மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுங்கள். முந்தின வாரமே ஒரு நடை போய்க் கைதட்டி ஒலி பாருங்கள், ஹீட்டரும் ஏசியும் அணைக்க முடியுமா என்று கேளுங்கள். காதுக்குத் தெரியாத அந்த ரீங்காரம் மைக்கில் தெளிவாக விழும். பியானோ சுருதி சேர்ந்திருக்கிறதா என்பதும் முக்கியம். பக்கவாத்தியமாக வரும் பியானோக்காரரை ஜூனிலேயே பேசி வையுங்கள். அக்டோபரில் நல்லவர்கள் எல்லோரும் கிடைக்காமல் போய்விடுவார்கள். முன்னதாக இரண்டு ஒத்திகையாவது வேண்டும். புதுத் தந்தி போடுவதானால் பத்து நாள் முன்பே. முந்தின நாள் போட்டால் நிமிடத்துக்கு நிமிடம் சுருதி இறங்கும்.

கேமரா ஒன்று போதும், முகமும் இரு கைகளும் வில்லும் முழுக்கத் தெரிய வேண்டும். ஒரு மூவ்மென்டுக்குள் வெட்டி ஒட்டக் கூடாது, பள்ளிகள் இதில் கண்டிப்பு. முதலில் பாக், கை சூடாக இருக்கும்போதே. பிறகு பியானோவோடு கான்செர்ட்டோ, கடைசியில் பகானினி. ஒவ்வொன்றுக்கும் மூன்று முறைக்கு மேல் வேண்டாம். நான் பார்த்தவரை இரண்டாவது முறைதான் பெரும்பாலும் நன்றாக அமையும், ஐந்தாவதில் பிழை குறைந்தாலும் உயிரும் போய்விடும். மதியத்துக்கு வயிறு நிறையத் தயிர் சாதம் கொடுத்து அனுப்பாதீர்கள், தூக்கம் வரும். இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம். அன்று இரவு பதிவைக் கேட்க வேண்டாம். மூன்று நாள் கழித்து ஆசிரியரோடு உட்கார்ந்து கேட்டுத் தேர்ந்தெடுங்கள். திருப்தி இல்லை என்றால் அக்டோபர் கடைசியில் இன்னொரு சனிக்கிழமை இருக்கிறது. அக்டோபர் முதல் வாரம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான். நவம்பர் 1 கேட்கும் பள்ளிக்கும் அது எட்டும்.

பரிந்துரைக் கடிதங்களைச் செப்டம்பரிலேயே கேட்டுவிடுங்கள். அரசு நிதியுதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பம் வழக்கமாக அக்டோபர் 1-இல் திறக்கும். பெரும்பாலும் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால்தான் அது பொருந்தும். எச்-1பி குடும்பம் என்றால் பள்ளிகள் வாசிப்புத் தகுதி பார்த்துக் கொடுக்கும் உதவித்தொகைகளை நம்ப வேண்டும். எந்தப் பள்ளி வெளிநாட்டு மாணவர்க்கு எவ்வளவு கொடுக்கிறது என்பதைப் பட்டியல் போடும்போதே விசாரியுங்கள்.

நேரடி ஆடிஷன் பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடம். பாதி வாசிக்கும்போதே "நன்றி, அடுத்தது பாக்" என்று நிறுத்துவார்கள். பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, நேரம் அவ்வளவுதான். இதை வீட்டிலேயே பழக்குங்கள்: டிசம்பர் முழுக்க, நீங்களே நடுவில் நிறுத்தி வேறு உருப்படி கேளுங்கள். குளிரில் ஹீட்டர் ஓடும் அறையில் மரம் காய்ந்து பிருடை வழுக்கும், சில சமயம் பசையால் ஒட்டிய இடமும் விட்டுப்போகும். பெட்டிக்குள் ஈரப்பதம் காக்கும் குழாய் ஒன்று போட்டுவைக்க வேண்டும். கையுறை இரண்டு ஜோடி. காத்திருக்கும் நடைபாதையில் பக்கத்து அறையிலிருந்து யாராவது சிபெலியஸை வெளுத்து வாங்கிக்கொண்டிருப்பார்கள். அப்போது காதில் இயர்போன் போட்டுக்கொண்டு, தன் பாக்கின் முதல் வரியை மெதுவாக மனசுக்குள் பாடிக்கொண்டிருப்பது நல்லது.

பாடுவது என்றதும் உங்கள் கடைசிக் கேள்வி. எட்டு வருட வாய்ப்பாட்டைத் தயங்காமல் எழுதுங்கள். ஆடிஷனில் அதைக் காட்ட வேண்டாம், சுயவிவரத்திலும் கட்டுரையிலும் வரட்டும். சில பள்ளிகளில் காதுப் பயிற்சித் தேர்வு உண்டு, பார்த்தவுடன் ஸ்வரம் பாடச் சொல்வார்கள். அலங்காரமும் வர்ணமும் பாடிய தொண்டைக்கு அது பாதி தெரிந்த வேலை. ஒன்றை மட்டும் பழக வேண்டும்: நம் ஷட்ஜமம் எந்தச் சுருதியிலும் அமரும், ஆனால் அங்கே சில பள்ளிகளில் 'டோ' (அவர்களுடைய 'ஸ') என்றால் எப்போதும் சி என்ற ஒரே ஸ்வரம் மட்டும்தான். கோடையில் தினம் பத்து நிமிடம் போதும். கட்டுரையில் 'இரு பண்பாடுகளின் பாலம்' என்று பொதுவாக எழுத விடாதீர்கள். ஒரு தோடியில் ஒரு காந்தாரத்தைப் பிடிக்க எத்தனை வாரம் ஆனது, அது பாக்கின் சுருதியைக் கேட்க எப்படிக் காதைத் திறந்தது என்று அவளுக்கு நடந்ததை எழுதட்டும். வயலின் வித்வான் எல். சுப்ரமணியம் சென்னையில் மருத்துவம் படித்துவிட்டு கலிஃபோர்னியா இன்ஸ்டிடியூட் ஆஃப் தி ஆர்ட்ஸில் மேற்கத்திய இசையில் முதுகலை வாங்கினார் என்பதையும் உங்கள் கணவர் காதில் போட்டு வையுங்கள்.

ஏப்ரலில் கடிதங்கள் வரும்போது, கிடைத்த உதவித்தொகை போதவில்லை என்றால் மறுபரிசீலனை கேட்கலாம். வேறு பள்ளி கொடுத்ததைக் காட்டி, பணிவாக, ஒரு முறை. இங்கே அது வழக்கம்தான், கூச்சப்பட ஒன்றுமில்லை. மே 1-க்கு முன்பே முடிவு சொல் என்று யாராவது அவசரப்படுத்தினால் மற்றப் பதில்கள் வரும்வரை நேரம் கேளுங்கள். முடிவு சொன்ன மறுநாள், டிரையல் லெசன் கொடுத்த ஒவ்வொரு ஆசிரியருக்கும், வேண்டாம் என்று சொன்னவருக்கும் சேர்த்து, உங்கள் மகள் ஒரு நன்றி மெயில் எழுத வேண்டும். முதுகலைக்கு அவர்களில் ஒருவர் வாசலில் திரும்பவும் போய் நிற்க வேண்டி வரலாம்.

இந்த வாரத்துக்கு இரண்டு வேலை போதும்: ஆசிரியரிடம் உட்கார்ந்து புரூக்கா மெண்டல்சோனா என்று பேசுவது, கோடை முகாம் தேதிகளைப் பார்ப்பது. பிப்ரவரி கடைசியில் எந்தக் கான்செர்ட்டோ என்று எனக்கு எழுதுங்கள்.